பாறை என்ற பெயரில் ஒரு விளையாட்டுப் பெட்டி

சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலை முடிந்து, பிள்ளைகள் தங்கள் சப்பாத்துக்களைத் தேடிக்கொண்டிருந்த நேரம். அண்மையில் வந்து குடியேறிய ஒரு தாய் என்னை வாசலில் மறித்தார்.

"அண்ணை, என்ரை மகன் பள்ளிக்கூடத்தாலை வந்தா அந்தக் கேம் பெட்டிக்கு முன்னாலைதான் இருப்பு. தமிழ்க் கொப்பியை எடுத்தா நித்திரை வருகுதாம். பேசாமல் பெட்டியைத் தூக்கிக் குப்பையிலை போட்டுவிடட்டோ?"

"அவசரப்படாதேங்கோ தங்கச்சி. குவைத்திலை நடந்த ஒரு கதை இருக்கு. அதை அடுத்த இதழிலை எழுதுறன். வாசிச்சுப்போட்டு முடிவெடுங்கோ" என்று சொல்லி அனுப்பினேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதற்காக இம்முறை இந்தப் பக்கத்தை அந்தக் கதைக்கே ஒதுக்குகிறேன்.

குவைத் என்றதும் நம்மவர்களுக்கு எண்ணெயும் வெயிலும் விசாவும் ஏஜென்சிக்காரரும்தான் நினைவுக்கு வருவார்கள். கேம் பெட்டிக்கும் குவைத்துக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்பது நியாயமே. தொடர்பு இருக்கிறது. முதலில் நமக்குத் தெரிந்த இடத்திலிருந்து தொடங்குவோம்.

வளைகுடாவிலிருந்து வந்த பெட்டி

1970களின் இறுதியிலிருந்து நம் ஊர்களிலிருந்து எத்தனையோ பேர் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போனார்கள். சிலர் டுபாய், சிலர் சார்ஜா, சிலர் குவைத், சவூதி, கட்டார். இரண்டு வருட ஒப்பந்தம் முடிந்து அவர்கள் ஊருக்கு வரும் நாள் ஒரு திருவிழா போல இருக்கும். கயிற்றால் வரிந்து கட்டிய மட்டைப் பெட்டி திறக்கப்படும். கோடாலித் தைலம், கம்பளிப் போர்வை, வாசனைத் திரவியம், டாங் தூள், ரேப் ரெக்கோடர் எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வரும். பிள்ளைகள் உள்ள வீடாக இருந்தால் அடியில் இன்னொரு சிறிய பெட்டியும் இருக்கும். அதுதான் 'ரீவி கேம்'.

அரபு நாடுகளில் சாதாரண மக்கள் இந்த வகைப் பெட்டிகள் அனைத்தையும் 'அட்டாரி' என்றே சொல்வார்கள். அமெரிக்காவின் அட்டாரி கம்பனி 1977இல் வெளியிட்ட பெட்டி உலகெங்கும் பரவியதால், கம்பனிப் பெயரே பொருளின் பெயராகிவிட்டது. நம் ஊரில் சலவைத் தூள் எதுவானாலும் 'சேர்ஃப்' என்று சொல்லவில்லையா, அதைப் போல.

அட்டாரியை அடுத்து வந்தது யப்பானின் நின்ரென்டோ. 1889இல் கியோட்டோ நகரில் விளையாட்டுச் சீட்டு செய்வதற்காகத் தொடங்கப்பட்ட இந்தக் கம்பனி, 'குடும்பக் கணனி' என்று பொருள்படும் பெயருடன் 1983 யூலை 15ஆம் திகதி ஒரு பெட்டியை வெளியிட்டது. விலை 14,800 யென். இதை வடிவமைத்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் மசாயுகி உயேமுறா என்ற பொறியியலாளர். இந்தப் பெட்டியும் மேலை நாடுகளுக்கென வந்த அதன் மறுவடிவமும் சேர்ந்து உலகில் ஆறு கோடிக்கும் மேல் விற்றன. வளைகுடாக் கடைகளில் அதைப் போலச் செய்த பெட்டிகளும் ஏராளமாகக் கிடைத்தன. தாய்வானில் செய்த மைக்ரோ ஜீனியஸ் அவற்றுள் ஒன்று. நம்மவர்கள் ஊருக்குக் கொண்டு வந்தவற்றுள் பல இந்த நகல்கள்தான்.

1983 யூலை என்று எழுதும்போதே கை ஒரு கணம் நிற்கிறது. யப்பானில் அந்தப் பெட்டி கடைக்கு வந்து பத்து நாள் ஆவதற்கு முன்பே கொழும்பில் நம் வீடுகள் எரிந்தன. இந்த இதழை வாசிக்கும் குடும்பங்களில் பலவற்றின் பயணம் அந்த மாதத்திலிருந்துதான் தொடங்கியது. உலகத்துப் பிள்ளைகளுக்கு விளையாட்டாக நினைவிருக்கும் வருடம், நம் பிள்ளைகளின் தாய் தந்தையருக்கு வேறு விதமாக நினைவிருக்கிறது. இதைச் சொல்லிவிட்டுக் கதைக்கு வருகிறேன்.

கசற் இல்லாமலும் வேலை செய்யும் பெட்டி

நின்ரென்டோ பெட்டி வெளிவருவதற்கு முந்திய மாதம், 1983 யூனில், யப்பானில் இன்னொரு அறிவிப்பு வந்தது. அஸ்கி என்ற கம்பனியைச் சேர்ந்த கசுஹிகோ நிஷி என்ற இளைஞரும் அமெரிக்காவின் மைக்ரோசொவ்ற் கம்பனியும் சேர்ந்து 'எம்.எஸ்.எக்ஸ்.' என்ற பொதுத் தரத்தை அறிவித்தார்கள்.

பொதுத் தரம் என்றால் என்ன? அக்காலத்தில் ஒரு கம்பனியின் கணனிக்கு எழுதிய நிரல் மற்றக் கம்பனியின் கணனியில் ஓடாது. ரேப் ரெக்கோடர் அப்படியல்ல. சொனி வாங்கினாலும் பனசொனிக் வாங்கினாலும் பாட்டுக் கசற் ஒன்றுதான். வீட்டுக் கணனியையும் அப்படி ஆக்கவேண்டும் என்பதே நிஷியின் எண்ணம். சொனி, பனசொனிக், சான்யோ, யமஹா, தோஷிபா, ஒல்லாந்தின் பிலிப்ஸ் என்று பல கம்பனிகள் இதில் சேர்ந்தன. எல்லாப் பெட்டிகளுக்கும் மூளை இசெட்-80 என்ற ஒரே வகைச் சில்லு. எல்லாவற்றிலும் கேம் கசற் செருகும் துளை. ரீவியில் கம்பியைக் கொழுவினால் போதும். பதினாறு நிறத்தில் படம் வரும்.

கசற்றைச் செருகி ஆளியைப் போட்டால் இது நின்ரென்டோ போன்ற விளையாட்டுப் பெட்டி. உடனே விளையாட்டுத் தொடங்கும். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் இருந்தது. கசற்றைக் கழற்றிவிட்டு ஆளியைப் போட்டால் நின்ரென்டோ பெட்டி ஒன்றும் செய்யாது. எம்.எஸ்.எக்ஸ். பெட்டியோ நீலத் திரையில் சில வெள்ளை எழுத்துக்களைக் காட்டிவிட்டு, நீங்கள் என்ன எழுதப் போகிறீர்கள் என்று காத்துக்கொண்டிருக்கும். 'பேசிக்' என்ற எளிய நிரல் மொழி அதனுள்ளேயே பொதிந்திருந்தது. விசைப்பலகையும் அதனுடன் சேர்ந்தே வந்தது. விளையாட வந்த பிள்ளை எழுதவும் பழகலாம்.

இந்த ஒரு வித்தியாசம்தான் குவைத்தில் ஒருவரின் கண்ணில் பட்டது.

குவைத்தில் ஒரு யோசனை

அவர் பெயர் முகம்மது அல்-ஷாரிக். 1942இல் குவைத்தில் பிறந்தவர். கெய்ரோப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் படித்து, அமெரிக்காவில் மேற்படிப்பை முடித்து, வங்கித் துறையில் பெரிய பதவிகளை வகித்தவர். சிறுகதைகளும் எழுதியவர். கணனிப் பொறியியலாளர் அல்லர் என்பதைக் கவனியுங்கள். 1982இல் அவர் குவைத்தில் 'அல் ஆலமியா' என்ற கம்பனியைத் தொடங்கினார். எம்.எஸ்.எக்ஸ். தரத்தில் யமஹா, சான்யோ போன்ற யப்பானியக் கம்பனிகளைக் கொண்டு பெட்டிகளைச் செய்வித்து, 'சக்ர்' என்ற பெயரில் விற்றார். அரபு மொழியில் 'சக்ர்' என்றால் பாறை.

யப்பானியப் பெட்டிக்கு அரபுப் பெயரை ஒட்டி விற்றிருந்தால் அது வெறும் வியாபாரம். அல்-ஷாரிக் அதோடு நிற்கவில்லை. பெட்டிக்கே அரபு படிப்பித்தார். விசைப்பலகையில் அரபு எழுத்து. திரையில் அரபு எழுத்து. பேசிக் நிரல் மொழியின் கட்டளைகளும் அரபியில். ஆங்கிலம் அறியாத ஒரு பத்து வயதுப் பிள்ளை, வீட்டில் பேசும் மொழியிலேயே கணனிக்குக் கட்டளையிடலாம் என்பது அந்த நாளில் சின்ன விடயமல்ல.

அதுவும் அரபு எழுத்து இலேசான எழுத்து அல்ல. மொத்தம் 28 எழுத்துக்கள். வலமிருந்து இடமாக ஓடும். ஆனால் இடையில் இலக்கம் வந்தால் அது இடமிருந்து வலமாக நிற்கவேண்டும். ஒரே எழுத்துச் சொல்லின் தொடக்கத்தில் ஒரு வடிவம், நடுவில் ஒரு வடிவம், கடைசியில் ஒரு வடிவம், தனியே நின்றால் இன்னொரு வடிவம் என்று மாறும். சில எழுத்துக்கள் அடுத்து வரும் எழுத்தோடு கைகோக்க மறுக்கும். ஆகவே பிள்ளை ஒரு விசையைத் தட்டியதும், முன்னால் என்ன எழுத்து இருக்கிறது, அதன் வடிவத்தை மாற்றவேண்டுமா என்று கணனி பார்க்கவேண்டும். ஒவ்வோர் எழுத்தையும் நெடுக்கில் எட்டு, குறுக்கில் எட்டு என்று 64 சின்னப் புள்ளிகளுக்குள் அடக்கவும் வேண்டும். இவ்வளவையும் இன்றைய கைத்தொலைபேசியோடு ஒப்பிட்டால் தூசுக்கும் காணாத நினைவகத்தில் செய்தார்கள். 'சக்ர்' வரிசையில் பலரும் நினைவில் வைத்திருக்கும் ஏ.எக்ஸ்.-170 என்ற பெட்டியின் நினைவகம் 64 கிலோபைற் மட்டுமே. இன்று கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் அதில் அடங்காது.

முதலில் பென்குவின், பிறகு பாடம்

பிள்ளைகள் பெட்டியை விரும்பியது அரபு இலக்கணத்துக்காக அல்ல என்பதையும் ஒத்துக்கொள்ளவேண்டும். அவர்கள் விரும்பியது விளையாட்டைத்தான். யப்பானின் கோனாமி கம்பனி எம்.எஸ்.எக்ஸ். பெட்டிக்கென்று அருமையான விளையாட்டுக்களைச் செய்தது. தென்துருவப் பனியில் ஒரு பென்குவின் வெடிப்புக்களைத் தாண்டி, மீனைப் பிடித்து, நேரத்துக்கு அடுத்த தங்குமிடத்தை அடைந்து அங்கு ஒரு நாட்டுக் கொடியை ஏற்றும். நாற்பது பாகை வெயிலில் வெளியே தலைகாட்ட முடியாமல், குளிரூட்டிய அறைக்குள் அடைந்து கிடந்த வளைகுடாப் பிள்ளைகளுக்கு அந்தப் பனி எவ்வளவு சந்தோசத்தைக் கொடுத்திருக்கும்! இன்று உலகப் புகழ்பெற்ற 'மெற்றல் கியர்' விளையாட்டு வரிசையின் முதலாவது விளையாட்டும், 1987இல், எம்.எஸ்.எக்ஸ்.2 என்ற அடுத்த தரத்துக்காகத்தான் ஹிடேயோ கொஜிமாவால் செய்யப்பட்டது.

அல்-ஷாரிக்கின் கம்பனி விளையாட்டைத் தடுக்கவில்லை. விளையாட்டுக் கசற்றுக்குப் பக்கத்தில் கணக்கு, மொழி, பொது அறிவு என்று அரபுப் பாடக் கசற்றுக்களையும் அடுக்கியது. குர்ஆனைக் கணனியில் தேடிப் படிக்கும் நிரலையும் செய்தது. பின்னாளில் வந்த ஏ.எக்ஸ்.-990 என்ற பெட்டியில், சேகா கம்பனியின் மெகா டிரைவ் விளையாட்டு இயந்திரத்தையும் அரபு எம்.எஸ்.எக்ஸ். கணனியையும் ஒரே கூட்டுக்குள் வைத்தார்கள். ஒரு பக்கம் விளையாட்டு, ஒரு பக்கம் படிப்பு. எதைப் போட்டாலும் பெட்டி ஒன்றுதான். பிள்ளை எப்படியும் அந்தப் பெட்டிக்கு முன்னால்தான் இருக்கப்போகிறது என்றால் மொழியையும் அங்கே கொண்டுபோய் வைப்போம் என்பதே அந்த ஏற்பாடு.

1990 ஓகஸ்ட்

1990 ஓகஸ்ட் 2ஆம் திகதி சதாம் உசைனின் படைகள் குவைத்துக்குள் புகுந்தன. அந்த நாட்களைக் குவைத்தில் இருந்த நம்மவர்கள் இன்றும் மறக்கவில்லை. வங்கியில் இட்ட பணம் போய்விட்டது. கடவுச்சீட்டு முதலாளியின் அலுமாரியில். வேலை கொடுத்தவரே ஓடிவிட்டார். பல்லாயிரம் இந்தியரும் இலங்கையரும் பாலைவனத்தைத் தாண்டி ஜோர்தான் எல்லை முகாம்களில் தண்ணீருக்கு வரிசையில் நின்றார்கள். இந்திய அரசு அம்மானிலிருந்து ஏறத்தாழ 170,000 பேரை விமானத்தில் ஊருக்குக் கொண்டு சேர்த்தது. இலங்கைத் தமிழர்களுக்கோ இன்னொரு தலையிடி. அந்த வருடம் யூனில்தான் வடக்குக் கிழக்கில் போர் மீண்டும் மூண்டிருந்தது. குவைத்தை விட்டுத் தப்பியவர் எந்த ஊருக்குத் திரும்பிப் போவது? அப்படிக் கேட்டு நின்றவர்களில் சிலர்தான் பின்னர் கனடாவிலும் ஐரோப்பாவிலும் புகலிடம் தேடினார்கள். வளைகுடாவிலேயே அகதியாகத் தங்கியிருக்கலாமே என்று இன்றைய பிள்ளைகள் கேட்கக்கூடும். 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் வளைகுடா அரபு நாடுகள் எதுவும் சேரவில்லை. அங்கே வேலை விசா முடிந்தால் வாழ்க்கையும் முடிந்தது. எத்தனை வருடம் உழைத்தாலும் பெட்டி கட்டித்தான் ஆகவேண்டும்.

'சக்ர்' கம்பனியும் பெட்டி கட்டியது. குவைத்தில் கட்டி எழுப்பியதை விட்டுவிட்டு அதன் வேலை கெய்ரோவுக்கு இடம்பெயர்ந்தது. அகதிக்கும் பணக்காரக் கம்பனிக்கும் ஒப்பீடு சொல்ல நான் வரவில்லை. கம்பனிக்கு வங்கிக் கணக்கு இருந்தது. நமக்கு ஒரு கைப்பை இருந்தது. ஆனால் எதை விட்டுவிடலாம், எதைக் கட்டாயம் கொண்டுபோகவேண்டும் என்ற கேள்வி இருவருக்கும் பொதுவானது. அந்தக் கேள்விக்கு அவர்கள் கண்ட விடை கவனிக்கத்தக்கது.

பெட்டிகளின் காலம் எப்படியும் முடிந்துகொண்டிருந்தது. எம்.எஸ்.எக்ஸ். தரம் அமெரிக்காவில் எடுபடவில்லை. 1990களில் உலகம் முழுவதும் ஐ.பி.எம். வகைக் கணனிக்கும் விண்டோசுக்கும் மாறியது. யப்பானிலேயே எம்.எஸ்.எக்ஸ். உற்பத்தி நின்றுபோனது. பெட்டியை மட்டும் நம்பியிருந்தால் 'சக்ர்' அத்தோடு மறைந்திருக்கும். பெட்டிக்கு மொழி படிப்பித்தபோது கிடைத்த அறிவு அவர்கள் கையில் மிஞ்சியது. அரபு எழுத்து எப்படி மாறும், சொல் எந்த வேரிலிருந்து வரும், வாக்கியம் எப்படி அமையும் என்பதையெல்லாம் இயந்திரத்துக்கு விளக்கிச் சொல்லும் அறிவு அது. அதைக் கொண்டு அச்சிட்ட அரபுப் பக்கத்தைப் படித்தறியும் நிரல், அரபு எழுத்தை வாசித்துக் காட்டும் நிரல், அரபுக்கும் ஆங்கிலத்துக்கும் இடையே மொழிபெயர்க்கும் நிரல் என்று அடுத்த இருபது வருடங்கள் வேலை செய்தார்கள்.

அல்-ஷாரிக் தன் முதுமையில் பழைய அரபு இலக்கிய, பண்பாட்டுச் சஞ்சிகைகளைப் பக்கம் பக்கமாகக் கணனியில் ஏற்றி, எவரும் இலவசமாகப் படிக்கும் காப்பகம் ஒன்றை உருவாக்கினார். 2021இல் சவூதியின் மன்னர் பைசல் பரிசு அவருக்குக் கிடைத்தது. 2024 மார்ச்சில் காலமானார். அவர் விற்ற பெட்டிகள் இன்று பழம்பொருள் சேகரிப்பவர்களின் அலுமாரியில் இருக்கின்றன. அந்தப் பெட்டியில் பென்குவினை ஓட்டிய அரபுப் பிள்ளைகள் இப்போது ஐம்பது வயதை எட்டுகிறார்கள்.

நம்முடைய பக்கம்

நம்மிடம் ஓர் அல்-ஷாரிக் இருக்கவில்லை, பணம் போட ஓர் அரசும் இருக்கவில்லை. அதற்காக நாம் சும்மா இருந்துவிடவும் இல்லை. 'சக்ர்' பெட்டிகள் வளைகுடாவில் பரவிய அதே காலத்தில், 1985இல், மலேசியாவில் முத்து நெடுமாறன் 'முரசு' என்ற தமிழ் நிரலைத் தொடங்கினார். சுவிற்சலாந்தின் லௌசான் நகரில் ஆய்வாளராக இருந்த கல்யாணசுந்தரம் 'மயிலை' எழுத்துருவைச் செய்து இலவசமாகக் கொடுத்தார். அவரே 1998 பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்க, உலகின் பல மூலைகளிலிருந்தும் தமிழர்கள் ஓய்வு நேரத்தில் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சுச் செய்து அனுப்பினார்கள். இவையெல்லாம் பெரும்பாலும் சம்பளமில்லாத வேலை. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு செய்த வேலை.

நம் புலம்பெயர்ந்த சஞ்சிகைகள் பலவும் 'பாமினி' எழுத்துருவில் வளர்ந்தவை. பாமினியில் அடித்த கடிதத்தை அந்த எழுத்துரு இல்லாத கணனியில் திறந்தால் ஆங்கில எழுத்துக்கள் அள்ளிக் கொட்டியது போலக் கிடக்கும். ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு முறை. 1999 பெப்ரவரியில் சென்னையில் தமிழ் இணைய மாநாடு கூடி இந்தச் சிக்கலைப் பற்றிப் பேசியது நினைவிருக்கலாம். பின்னர் யுனிகோட் என்ற உலகப் பொது முறை நிலைபெற்றது. இன்று எந்தக் கைத்தொலைபேசியிலும் தமிழ் விசைப்பலகையைக் காசில்லாமல் போட்டுக்கொள்ளலாம்.

1981இல் யாழ்ப்பாணம் பொது நூலகம் எரிந்தபோது 97,000 நூல்கள் சாம்பலாகின. அதை நாம் வருடாவருடம் நினைவுகூர்கிறோம். 2005இல் தொடங்கிய நூலகம் என்ற மின்னூலகத் திட்டம், ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் சஞ்சிகைகளையும் படியெடுத்து எவரும் வாசிக்க வைத்திருக்கிறது என்பதைப் பிள்ளைகளுக்கு எத்தனை பேர் காட்டியிருக்கிறோம்? அல்-ஷாரிக் அரபுச் சஞ்சிகைகளுக்குச் செய்ததை, நம் தொண்டர்கள் நம் சஞ்சிகைகளுக்குச் செய்துகொண்டிருக்கிறார்கள். அதைத் திறந்து பார்ப்பது நம் கடமை.

பெட்டியைத் தூக்கி எறிவதா?

இப்போது அந்தத் தங்கச்சிக்கு என் பதில். பெட்டியை எறியவேண்டாம். எறிந்தால் மகன் நண்பன் வீட்டுக்குப் போய் விளையாடுவான், அவ்வளவுதான். நேரக் கட்டுப்பாடு வேண்டும், அதில் மறுபேச்சில்லை. இரவு எத்தனை மணிக்கு நிறுத்துவது என்பதை வீட்டில் தாயும் தகப்பனும் ஒன்றாகச் சொல்லவேண்டும். அம்மா மறுக்க அப்பா விட்டுக்கொடுத்தால் பிள்ளைக்கு அதுவே ஒரு விளையாட்டாகிவிடும்.

ஆனால் வாரத்தில் ஒரு நாளாவது பக்கத்தில் போய் இருங்கள். "இது என்ன, அது ஏன் விழுகுது, இப்ப யாரைத் துரத்துறாய்?" என்று தமிழில் கேளுங்கள். அவன் தமிழில் விளக்கட்டும். சொல் தெரியாமல் தடுமாறினால் நீங்கள் எடுத்துக் கொடுங்கள். ஊரில் கிட்டி அடித்ததையும் மாங்கொட்டை எறிந்ததையும் பதிலுக்குச் சொல்லுங்கள். தமிழ் அவனுக்குக் கொப்பியில் மட்டும் இருந்தால் தண்டனை போலத்தான் தோன்றும். ஊரில் இருக்கும் அம்மம்மாவுக்கு அவன் கையாலேயே தமிழில் இரண்டு வரி அடித்து அனுப்பச் சொல்லுங்கள். பிழை இருந்தாலும் பரவாயில்லை. அம்மம்மா பிழை பார்க்கமாட்டார்.

கடைசியாகப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை. ஒரு கணக்குக் கொப்பியில் நெடுக்கில் எட்டு, குறுக்கில் எட்டு என்று கட்டங்களை அடையாளமிடுங்கள். இதுதான் 'சக்ர்' பெட்டியில் ஓர் எழுத்துக்குக் கிடைத்த இடம். கட்டங்களுக்கு மேலே இடமிருந்து வலமாக 128, 64, 32, 16, 8, 4, 2, 1 என்று எழுதுங்கள். இனி 'ட' எழுத்தை எடுங்கள். முதல் ஆறு வரியிலும் 64இன் கீழுள்ள கட்டத்தை மட்டும் கறுப்பாக்குங்கள். ஏழாவது வரியில் 64 தொடக்கம் 2 வரை ஆறு கட்டங்களையும் கறுப்பாக்குங்கள். எட்டாவது வரி வெறுமையாக இருக்கட்டும். 'ட' வந்துவிட்டது. ஒவ்வொரு வரியிலும் கறுப்பான கட்டங்களின் இலக்கங்களைக் கூட்டினால் 64, 64, 64, 64, 64, 64, 126, 0. அந்தப் பழைய பெட்டிக்கு 'ட' என்றால் இந்த எட்டு இலக்கம்தான். 'ப' வேண்டுமானால் முதல் ஆறு வரியிலும் 64இன் கீழும் 2இன் கீழும் கறுப்பாக்குங்கள். 66 வரும். ஏழாவது வரி முன்போலவே 126.

'ட'வும் 'ப'வும் நேர்கோட்டு எழுத்துக்கள். அதனால் சுலபம். 'ண' எழுத்தின் சுழிகளை எட்டுக் கட்டத்துக்குள் எப்படி அடக்குவது? 'ஞ'வை என்ன செய்வது? 'கொ' எழுதும்போது கொம்பு முன்னால் வருகிறதே, அதற்கு எத்தனை கட்டம் வேண்டும்? முத்து நெடுமாறனும் கல்யாணசுந்தரமும் தலையைச் சொறிந்த கேள்விகள் இந்த வகையைச் சேர்ந்தவைதான்.

பிள்ளைகள் வரைந்து எங்கள் முகவரிக்கு அனுப்பட்டும். 'ண'வை எட்டுக்கு எட்டில் வாசிக்கக்கூடியதாக அடக்கியவர்களின் எழுத்துக்கள் அடுத்த இதழில் இதே பக்கத்தில் வெளிவரும். நானும் மூன்று முறை முயன்று பார்த்தேன். மூன்று முறையும் அது 'ன' போலத்தான் வந்தது.